செல் விட்டுப்போகும் கறை

வாழைத்தார் வெட்டும்போது வேட்டியில் தெறித்த பால் அப்போது கண்ணில் படாது. துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் கறுத்து நிற்கும். எலிஸ்பாட் என்ற ரத்தப் பரிசோதனையும் இப்படி ஒரு கறையை நம்பித்தான் நடக்கிறது.

எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களுக்கு சிடி4 கணக்கு, அதாவது நோயை எதிர்க்கும் டி செல்களில் ஒரு வகையின் எண்ணிக்கை, பழக்கமானது. ஒரு கனமில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 200-க்குக் கீழே போனால் கவலை. ஆனால் அது வெறும் தலைக்கணக்கு. அந்த வைரஸை அடையாளம் கண்டு விழித்துக்கொள்ளும் செல்கள் எத்தனை என்று அது சொல்வதில்லை. அதை எண்ணத்தான் எலிஸ்பாட்.

உள்ளங்கையளவுத் தட்டு; அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் மெல்லிய சவ்வு. அதன்மேல் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைப் பிடித்துவைக்கும் ஆன்டிபாடியைப் பூசியிருப்பார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்களில் லட்சம், இரண்டு லட்சத்தைக் குழியில் இட்டு, எச்.ஐ.வி. புரதத்தின் சிறு துணுக்குகளைச் சேர்த்து, 37 டிகிரி சூட்டில் இரவு முழுக்க விடுவார்கள். துணுக்கை அடையாளம் கண்ட செல், உட்கார்ந்த இடத்திலேயே இன்டர்ஃபெரானைச் சுரக்கும். அது பரவுமுன் அடியிலிருக்கும் ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும். காலையில் செல்களைக் கழுவிக் கொட்டிவிட்டு, இரண்டாவது ஆன்டிபாடி, நொதி, சாயம் என்று வரிசையாக இட்டால் கருநீலப் புள்ளிகள் எழும். ஒரு புள்ளிக்கு ஒரு செல். பத்து லட்சம் செல்லுக்கு எத்தனை புள்ளி என்று கணக்குச் சொல்வார்கள்.

துணுக்கே இடாத குழி ஒன்றும் இருக்கும். அதில் விழும் புள்ளிகளைக் கழித்துவிட வேண்டும். இன்னொன்றில் பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த பி.எச்.ஏ. இடுவார்கள். எந்த டி செல்லையும் உசுப்பிவிடும் பொருள் அது. அங்கேயும் புள்ளி இல்லையென்றால், செல்கள் வழியிலேயே செத்திருக்கலாம்.

புள்ளி அதிகமானால் பாதுகாப்பும் அதிகமா? 2007-இல் ஸ்டெப் என்ற தடுப்பூசி ஆய்வு இதற்குக் கசப்பான பதில் தந்தது. ஊசி போட்டவர்களில் பெரும்பாலோருக்குப் புள்ளிகள் எழுந்தன. தொற்று மட்டும் தடைபடவில்லை. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: வைரஸின் உட்கூட்டுக்குரிய காக் புரதத்துக்குப் புள்ளி எழுந்தவர்களிடம் வைரஸ் குறைவு, மேலுறைப் புரதத்துக்கு எழுந்தவர்களிடம் அப்படி இல்லை.

செல் விழித்ததைத்தான் கறை சொல்லும். விழித்த செல் வைரஸை அடக்குகிறதா என்று அறிய, தொற்றிய செல்களோடு அதை ஒரே குழியில் விட்டு, வைரஸ் பெருகுகிறதா என்று நாள்கணக்கில் பார்க்கிறார்கள்.