கேமிங் கம்ப்யூட்டர் கோட்டேஷனைப் படிப்பது எப்படி?

குறைந்த செலவில் கேம்ஸ் விளையாட ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வேண்டும் என்று கடைக்குப் போனால், முதலில் கையில் கிடைப்பது ஒரு கோட்டேஷன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் சரி, உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும் சரி, இதுதான் வழக்கம். என் சித்தி மகன் அப்படி ஒன்றை வாங்கி எனக்கு அனுப்பியிருந்தான். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறான். சித்தப்பா சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். கோட்டேஷனில் இருந்தது இவ்வளவுதான்: ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்.எஸ்.டி., 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்., கலர் லைட் வைத்த கேமிங் கேபினட்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு அயிட்டங்களில் ஒன்றுக்குக்கூட மாடல் எண் இல்லை. மதர்போர்டின் பெயரே காணோம். இதை வைத்துக்கொண்டு விலை நியாயமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

"அண்ணா, ஐ7 தானே, ஐ3-ஐ விடப் பெரிசு இல்லையா?" என்று கேட்டான். இந்த எண்ணம் பலருக்கும் உண்டு. ஐ7 என்ற பெயர் 2008-ல் இருந்து வந்துகொண்டிருக்கிறது. 2012-ல் வந்த ஐ7 3770-ம் ஐ7 தான். அதில் 4 கோர், 8 த்ரெட். 2022 ஜனவரியில் வந்த ஐ3 12100எஃப் பிராசசரிலும் அதே 4 கோர், 8 த்ரெட். ஆனால் ஒவ்வொரு கோரும் மிக வேகமானது என்பதால் கேம்களில் இந்த ஐ3 அந்த ஐ7-ஐ எளிதாகத் தாண்டிவிடும். பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களில் இருந்து கழற்றிய பிராசசர்கள் "ஐ7 கேமிங் செட்" என்ற பெயரில் மலிவாக விற்கப்படுவதற்கு இந்தப் பெயர் மயக்கமே காரணம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ இன்டெல்லில் பொதுவாக 8-ம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 11-ல் வேலொரண்ட் விளையாட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். 2012 மதர்போர்டில் இதற்கு எங்கே போவது?

எனவே ஐ7 என்பதோடு நிறுத்தாமல், பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். கடைசி எழுத்தையும் கேளுங்கள். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது; தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

இனி கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். கேமிங் கம்ப்யூட்டரில் அதிகப் பணம் இங்கேதான் போக வேண்டும். "4 ஜிபி" என்பது கார்டில் உள்ள மெமரியின் அளவு மட்டுமே. வேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மாடியில் எவ்வளவு பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டினாலும், கீழே வரும் குழாய் அரை இஞ்ச் என்றால் வாளி நிரம்ப நேரம் ஆகத்தானே செய்யும்? 2014-ல் வந்த ஜி.டி. 730 கார்டிலும் 4 ஜிபி மாடல்கள் உண்டு. படம் பார்க்க, ஆபீஸ் வேலை செய்ய அது போதும். இன்றைய பெரிய கேம்களுக்குப் பயனில்லை.

ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் வருவது இன்னும் மோசம். ஜி.டி. 1030-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் வந்ததில் ஜி.டி.டி.ஆர்.5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி தகவல் கடக்கும். 2018-ல் அதே பெயரில் டி.டி.ஆர்.4 மெமரியுடன் ஒன்று வந்தது; அதில் நொடிக்கு 16.8 ஜிபி மட்டுமே. பெட்டியின் முகப்பில் பெயர் ஒன்றுதான். ஆர்.டி.எக்ஸ். 3050-லும் இந்தக் கதை நடந்தது. 2022-ல் வந்த 8 ஜிபி கார்டு 128 பிட். 2024-ல் வந்த 6 ஜிபி கார்டு 96 பிட், உள்ளே உள்ள கோர்களும் குறைவு. ஆனால் அந்த 6 ஜிபி கார்டு 70 வாட்டில், தனி பவர் கேபிள் இல்லாமல் ஓடும் என்பதால், பழைய கம்ப்யூட்டரில் செருக நினைப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு எனலாம். புதிதாக அசெம்பிள் செய்பவர் அதை எடுக்கத் தேவையில்லை.

1920 x 1080 மானிட்டரில் விளையாட 8 ஜிபி மெமரி உள்ள கார்டைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 2021-ல் வந்த ஆர்.எக்ஸ். 6600 புதிதாகக் கிடைத்தால் பட்ஜெட்டுக்குப் பொருத்தமானது. நொடிக்கு 224 ஜிபி. மேலே சொன்ன 16.8-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மானிட்டரை இப்போதே 2560 x 1440-க்கு மாற்ற வேண்டாம். பிக்சல்கள் சுமார் 20.7 லட்சத்தில் இருந்து 36.9 லட்சமாக உயர்ந்துவிடும். அந்தச் சுமை முழுவதும் கார்டின் தலையில்தான்.

வேலொரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் போன்றவை மட்டும் போதும் என்பவர்கள் இப்போதைக்குக் கார்டே வாங்காமல், ரைசன் 5 5600ஜி போல உள்ளேயே நல்ல கிராபிக்ஸ் உள்ள பிராசசரை எடுக்கலாம். அப்போது ராம் கட்டாயம் இரண்டு ஸ்டிக்காக இருக்க வேண்டும். டி.டி.ஆர்.4 3200 ஒரு ஸ்டிக்கில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டில் 51.2 ஜிபி. உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்கு இதுதான் குழாய். தனிக் கார்டு உள்ளவர்களும் 8 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குவதே நல்லது. 2025 இறுதியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. ஆறு மாதம் முந்தைய யூடியூப் வீடியோவின் விலைப்பட்டியலை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பெட்டி மேல் 450 வாட் என்று அச்சடித்திருப்பதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் உள்ள லேபிளைப் பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் லைனில் இருந்துதான் முக்கியமாகக் கரண்ட் எடுக்கின்றன. அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால் 12 x 16 = 192 வாட், அவ்வளவுதான். ஆர்.எக்ஸ். 6600 மட்டுமே 132 வாட் வரை எடுக்கும். ரைசன் 5 5600 போன்ற பிராசசரையும் சேர்த்தால் 200-ஐத் தாண்டும். விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டர் அணைந்துபோனால் அதிர்ஷ்டம், மட்டமான எஸ்.எம்.பி.எஸ். எரியும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து எரித்துவிடக் கூடும். 12 வோல்ட்டில் 37 ஆம்பியர் என்றால் 444 வாட், நிம்மதி. 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று. தரத்துக்கு அதுவே முழு உத்தரவாதம் இல்லை. அதனால் வாரண்டி எத்தனை வருடம் என்றும் கேளுங்கள். வீட்டில் 600 வி.ஏ. யு.பி.எஸ். இருந்தால் அது பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். மானிட்டரையும் கணக்கில் சேருங்கள்.

தம்பியின் கோட்டேஷனில் கலர் கேபினட் போய், காற்று நன்றாகப் போகும் சாதாரண கேபினட் வந்தது. ஐ7 போய் ரைசன் 5 5600 வந்தது. மானிட்டர் வீட்டில் இருந்த பழையதே. இத்தனைக்குப் பிறகும் கார்டுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குமாகச் சித்தப்பாவிடம் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மூன்று வேலைகள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 3200 ராம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச புரோகிராமை இறக்கி, மெமரி வகையும் பிட் எண்ணிக்கையும் பில்லில் உள்ள மாடலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் கடையிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.