கதை கேட்டு வளரும் குழந்தை



"ரெண்டு வயசாச்சு, இன்னும் பேச்சே வரலை" என்று கவலைப்படும் பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு. "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான், தானா வந்துடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான். வளர்ச்சி தாமதமானால் அது தாயின் குற்றமும் அல்ல, சாபமும் அல்ல.

எப்போது காட்ட வேண்டும்?

● 1 வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால்
● 18 மாதமாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாவிட்டால்
● 2 வயதாகியும் "அம்மா வா" என இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால்
● பேசிய சொற்களை மறந்துவிட்டால்

உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தினமும் பத்து நிமிடம் கதை சொல்லுங்கள். காக்கா, வடை, நரி கதையே போதும்.

1. குழந்தையின் முகத்துக்கு நேரே உட்காருங்கள். டி.வி., செல்போனை நிறுத்திவிடுங்கள்.
2. சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரே கதையைத் தினமும் சொல்லலாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் குழந்தைக்குத் தைரியம் வரும்.
3. கையில் ஒரு வடையைக் கொடுங்கள். தொட்டுப் பார்த்தால் சொல் மனதில் பதியும். காது மந்தமான குழந்தைக்குக் கையாலும் முகபாவத்தாலும் காட்டுங்கள்.
4. "காக்கா எப்படிக் கத்துச்சு?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், ஒரு கையசைவு, எல்லாமே பதில்தான். "சொல்லு, சொல்லு" என்று அதட்டாதீர்கள்.

புது இடம் என்றால் மிரளும் குழந்தைக்கு முன்கூட்டியே அதையே கதையாகச் சொல்லுங்கள்: "நாளைக்கு முடி வெட்டப் போறோம். நாற்காலியில உட்காருவோம். கத்தரி கிச் கிச்னு சத்தம் போடும். அப்பா பக்கத்துலயே இருப்பேன். முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடுவோம்." தெரிந்த விஷயத்துக்குப் பயம் குறையும்.

கதை சொல்வது பாட்டியின் வேலை மட்டுமல்ல. காட்டு வேலை முடித்து வரும் தகப்பனும் சொல்ல வேண்டும். ஆனால் கதை மருத்துவத்துக்கு மாற்று அல்ல. மையத்தில் தரும் பயிற்சியையும் விடாமல் செய்யுங்கள்.

தாமதம் கண்டால் தயங்காதீர்!
தினம் ஒரு கதை சொல்ல மறவாதீர்!