தோற்றவர் மறுபடியும் நிற்கலாமா?

காரைக்குடி ஓட்டுக் கணக்கு சொல்லும் பாடம்

ஒரே ஊர். ஒரே வேட்பாளர். ஒரே கட்சி. இரண்டு தேர்தல்கள்.

இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஓட்டு. ஆனால் ஒன்றில் வெற்றி, இன்னொன்றில் தோல்வி!

இது எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா? செட்டிநாட்டுச் சீமையில், காரைக்குடி சட்டசபைத் தொகுதியில் நடந்திருக்கிறது.

2001-ம் ஆண்டு அங்கே பாரதீய ஜனதா வேட்பாளராக நின்றவர் எச்.ராஜா. அவருக்கு 54,093 ஓட்டுகள் கிடைத்தன. 1,651 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி பெற்று எம்.எல்.ஏ. ஆனார்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 2021-ல் மறுபடியும் அதே காரைக்குடியில் நின்றார். இந்தத் தடவை 54,365 ஓட்டுகள். முன்பைவிட 272 ஓட்டு அதிகம்! ஆனாலும் தோற்றார். காங்கிரஸ் வேட்பாளர் மாங்குடி 75,954 ஓட்டு வாங்கி, 21,589 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

காரணம் என்ன? இருபது ஆண்டுகளில் ஓட்டர்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது. தொகுதியின் எல்லையும் இடையில் மாறியது. ஊர் வளர்ந்தது; அவருடைய ஓட்டு மட்டும் வளரவில்லை.

தோல்வி மேல் தோல்வி

ராஜா பழைமையில் பற்று மிக்கவர். இந்து சமயப் பற்றை வெளிப்படையாகப் பேசுகிறவர். கோவில் நிர்வாகத்தை விட்டு அரசாங்கம் விலக வேண்டும் என்பவர். மதமாற்றத்தை எதிர்ப்பவர். பெரியாரின் கொள்கைகளைக் கடுமையாகச் சாடுபவர்.

2014-ல் சிவகங்கை பாராளுமன்றத் தொகுதியில் நின்றார், தோல்வி. 2016-ல் சென்னை தியாகராய நகரில் நின்றார், தோல்வி. 2019-ல் மறுபடியும் சிவகங்கை. 3,32,244 ஓட்டு வித்தியாசத்தில் கார்த்தி சிதம்பரத்திடம் தோல்வி. பிறகு 2021-ல் காரைக்குடி.

ஏழு ஆண்டுகளில் நான்கு தேர்தல்கள். நான்கிலும் தோல்வி!

இப்படித் தோற்றவர் மறுபடியும் நிற்கலாமா? அல்லது ஒதுங்கிக்கொண்டு இன்னொருவருக்கு வழிவிட வேண்டுமா?

"நிற்கட்டும்!"

நிற்கலாம் என்பவர்கள் பெரிய பெரிய பெயர்களைச் சொல்கிறார்கள்.

அறிஞர் அண்ணா 1962-ல் காஞ்சீபுரத்தில் தோற்றார். ஐந்தே ஆண்டுகளில் முதல்-அமைச்சர் ஆனார். காமராஜர் 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்றார். வாஜ்பாய் 1984-ல் குவாலியரில் தோற்றவர்தான். பின்னாளில் பிரதமரானார்.

கடல் கடந்து போனால், இங்கிலாந்தில் சர்ச்சில் இருக்கிறார். 1945-ல் அவருடைய பழைமைக் கட்சி தோற்றது, பதவி போனது. 1951-ல் மறுபடியும் பிரதமராக வந்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? சிவகங்கையிலேயே சான்று உண்டு. 1999 பாராளுமன்றத் தேர்தலில் ராஜாவும் தோற்றார், ப.சிதம்பரமும் தோற்றார். இரண்டே ஆண்டில் ராஜா எம்.எல்.ஏ. ஆனார். 2004-ல் சிதம்பரம் வென்று மத்திய நிதி மந்திரி ஆனார். அன்றே இருவரும் வீட்டுக்குப் போயிருந்தால்?

பழைமைவாதி என்பதற்காக அந்த மண் யாரையும் ஒதுக்கிவிடவில்லை. காரைக்குடியில் கம்பன் கழகத்தை 1939-ல் தொடங்கிய சா.கணேசன், 1962-ல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி சார்பில் நின்று அதே தொகுதியில் வென்றவர்.

"போதும்!"

வேண்டாம் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

ஒருவரே திரும்பத் திரும்ப நின்றால், சுவரொட்டி ஒட்டி, வீடு வீடாக நோட்டீசு கொடுத்து, வெயிலில் அலைந்த தொண்டனுக்கு எப்போது வாய்ப்பு? இது முதல் கேள்வி.

இரண்டாவது, பேச்சு. 2018-ல் பெரியார் சிலை பற்றி ராஜாவின் முகநூல் பக்கத்தில் வந்த பதிவு தமிழ்நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கியது. பதிவு நீக்கப்பட்டது. அது தமக்குத் தெரியாமல் வந்தது என்று கூறி, அவர் வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் அந்தச் சூடு எளிதில் ஆறவில்லை. குன்றக்குடி அடிகளார் திருநீறு பூசிய துறவி. கடவுள் மறுப்பாளரான பெரியாரோடு நட்புப் பாராட்டியவர். அவர் வாழ்ந்த குன்றக்குடி, காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்தான். கொள்கை வேறு, பகை வேறு என்பதை அந்த வட்டாரம் கண்கூடாகப் பார்த்திருக்கிறது.

கூட்டல் கணக்கு பொய்த்தது

மூன்றாவது, கூட்டணி. 2001-ல் ராஜா வென்றபோது அவருடைய கட்சி தி.மு.க. கூட்டணியில் இருந்தது. 2014-ல் இரண்டு பெரிய திராவிடக் கட்சிகளும் துணைக்கு இல்லை. அப்போது சிவகங்கையில் அவருக்குக் கிடைத்தது 1,33,763 ஓட்டு. வென்ற அ.தி.மு.க.வுக்கு 4,75,993.

2019-ல் இரண்டு கட்சிகளும் கைகோத்தன. கூட்டிப் பார்த்தால் 6 லட்சம் ஓட்டுக்கு மேல் வர வேண்டும். வந்ததோ 2,33,860! அ.தி.மு.க.விலிருந்து பிரிந்த அ.ம.மு.க. லட்சம் ஓட்டுக்கு மேல் பிரித்தது உண்மை. அதையும் சேர்த்தால்கூட 4 லட்சத்தைத் தொடவில்லை.

ஓட்டு என்பது மூட்டையில் கட்டி ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாற்றும் நெல் அல்ல. தலைவர்கள் கைகுலுக்கலாம். ஓட்டுப் போடுகிற விரல், அவரவர் மனம் சொல்வதைத்தான் கேட்கும்.

யார் முடிவு செய்வது?

தோற்றவர் நிற்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. மக்கள் "இல்லை" என்று சொன்னது அந்தத் தேர்தலுக்குத்தான். ஆயுள் முழுவதற்கும் அல்ல.

ஆனால் நிற்க உரிமை இருப்பது வேறு. நிற்கத் தகுதியோடு வருவது வேறு. அண்ணா தோற்ற பிறகு கட்சியை ஊர் ஊராக வளர்த்தார். அடுத்த தேர்தலுக்கு முன்பே அடுத்த வெற்றிக்கு வேலை செய்தார்.

தோற்றவர் முதலில் தம் கணக்கைத் தாமே பார்க்க வேண்டும். கிடைத்த ஓட்டில் தம்முடையது எவ்வளவு, கூட்டணியுடையது எவ்வளவு? ஓட்டுப் போடாதவர்களின் வீட்டுத் திண்ணையில் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசினோமா? அவர்கள் ஏன் போடவில்லை என்று கேட்டோமா?

இதற்காகக் கொள்கையை விட வேண்டியதில்லை. பழைமையை நம்புகிறவர் அதையே சொல்லி ஓட்டுக் கேட்கலாம். மாற்றுக் கருத்துக்காரரும் உட்கார்ந்து கேட்கும்படி சொல்ல வேண்டும்; அவ்வளவுதான்.

மற்றதை ஓட்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்தக் கட்சிக்காரரானாலும், தோற்றவர் மறுபடியும் வாசலில் வந்து கும்பிட்டால், கதவைச் சாத்த வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"போன தடவை நாங்கள் சொன்ன பதிலிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள், ஐயா?"

அதற்கு அவர் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு, ஓட்டுச்சாவடிக்குப் போங்கள்.