நோட்டரி முத்திரையும் கைபேசிப் படமும்

கிரயம், கடன், குத்தகை, அதிகாரம் ஆகியவற்றிற்காக எழுதப்படும் பத்திரங்கள் ஒரு குடும்பத்தின் வாழ்வையே நிர்ணயிக்க வல்லவை. முன்னாளில் அவை பெட்டியில் பூட்டி வைக்கப்பெற்றன. இந்நாளிலோ அவற்றின் படங்கள் கைபேசி வழியே ஊர்விட்டு ஊர் செல்கின்றன. நோட்டரி முத்திரையிட்ட பத்திரத்தின் படம் வந்துவிட்டதென்று நம்பி, நிலத்திற்கு முன்பணம் கொடுப்போரும் உளர். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

முதலாவதாக, நோட்டரியின் பணி யாது? 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டப்படி நியமிக்கப்பெற்ற அவர், இன்னார் இப்பத்திரத்தை எழுதிக் கொடுத்தார் என்பதைச் சரிபார்த்துச் சான்றளிக்கிறார்; அதனைத் தம் பதிவேட்டிலும் குறித்துக்கொள்கிறார். பத்திரத்தில் கண்ட நிலம் அவருக்கே உரியதென்று அம்முத்திரை உறுதி கூறுவதில்லை.

இரண்டாவதாக, மின்னணு ஆவணத்தின் நிலையைக் காண்போம். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்தையும் மின்னணுக் கையொப்பத்தையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கையெழுத்தைப் படம் பிடித்து ஒட்டுவது மின்னணுக் கையொப்பம் ஆகாது. உரிமம் பெற்ற நிறுவனம் வழங்கிய சான்றிதழைக் கொண்டு இடப்படும் டிஜிட்டல் கையொப்பம் ஆவணத்தோடு பிணைந்தது. பின்னர் ஓர் எழுத்தை மாற்றினாலும் சோதனையில் வெளிப்பட்டுவிடும். முத்திரையின் படத்திற்கோ இத்தகைய காப்பு இல்லை. ஒரு பத்திரத்திலிருந்து அதனை வெட்டி எடுத்து மற்றொன்றில் ஒட்டுவது எளிது.

மேலும், உயில், அறக்கட்டளைப் பத்திரம் ஆகியவற்றிற்கு இச்சட்டம் பொருந்தாது. அதிகாரப் பத்திரத்திற்கும் அவ்வாறே. ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்கு அளிக்கப்படுவனவற்றிற்கு மட்டும் 2022இல் விலக்கு தரப்பட்டது. ஆதலின் இவை காகிதத்தில் எழுதப்படுதல் வேண்டும்.

மூன்றாவதாக, பதிவைப் பற்றியது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். நிலம் பற்றிய அதிகாரப் பத்திரத்தையும், கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தல் அவசியமென 2012இல் தமிழ்நாடு திருத்தம் செய்தது. சார்பதிவாளர் செய்ய வேண்டியதை நோட்டரி முத்திரை ஈடு செய்யாது. அதிகாரப் பத்திரத்தால் மட்டும் நில உரிமை மாறாதென உச்ச நீதிமன்றமும் 2011இல் தீர்ப்பளித்தது.

நான்காவதாக, வழக்கு நேர்ந்தால் என் செய்வது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, கைபேசியிலிருந்து எடுத்த நகலோடு அதற்குரிய சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும். எனவே செய்தி வந்த கைபேசியைப் பத்திரமாக வைத்திருத்தலும், செய்தியை அழிக்காதிருத்தலும் நலம்.

ஆகவே விவசாயிகள், பணம் கொடுக்குமுன் அசல் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாக. நோட்டரியின் பெயர், பதிவு எண், பதிவேட்டு வரிசை எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அவரிடமே நேரில் விசாரிக்கலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றும் பெறலாம். இது புதிய தொழில்நுட்பம் நமக்கு அளித்துள்ள நன்மையாகும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவற்றைக் கிராம சபையில் எடுத்துரைப்பின், உழைத்துச் சேர்த்த பொருளும் நிலமும் உரியவரிடமே நிலைத்திருக்கும்.