ஒரு வாளி தண்ணீரில் இருக்கிறது நீச்சல் உடையின் ஆயுள்!

கோடை விடுமுறை விட்டால் போதும். சென்னை நீச்சல் குளங்களில் கூட்டம் அலைமோதும். மெரினா குளம் ஆனாலும் சரி, 1995-ம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி குளம் ஆனாலும் சரி, கையில் பையும் கழுத்தில் துண்டுமாகப் பிள்ளைகள் படையெடுப்பார்கள்.

பயிற்சிக் கட்டணம் ஒரு பக்கம். தொப்பி, கண்ணாடி, நீச்சல் உடை என்று இன்னொரு பக்கம். மாதச் சம்பளக்காரர் வீட்டு பட்ஜெட்டில் துண்டு விழுவது அந்த மாதம் நிச்சயம்.

அப்படி வாங்கிய உடை ஒரே மாதத்தில் தொளதொளத்துப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"போன மாசம்தான் சார் வாங்கினேன். பாருங்க, பொண்ணுக்குத் தோள்ல நிக்கவே மாட்டேங்குது. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்!"

குளக்கரையில் அம்மாக்கள் பயிற்சியாளரிடம் சொல்லும் வழக்கமான புகார் இது. வழக்கமான பதிலும் உண்டு.

"கடைக்காரர் மேல தப்பு இல்லம்மா. வீட்டுக்குப் போய் இதை என்ன பண்றீங்க?"

"ராத்திரி எல்லாத் துணியோட சேர்த்து மெஷின்ல போடறேன் சார்."

அங்கேதான் இருக்கிறது கோளாறு!

ரப்பர் போல ஒரு நூல்

நீச்சல் உடை வெறும் நைலான் அல்ல. சாதாரணமாகக் கடையில் கிடைப்பதில் ஐந்தில் நாலு பங்கு நைலான். மீதி ஒரு பங்கு, ரப்பர் போல இழுபடும் ஸ்பான்டெக்ஸ் என்ற நூல். லைக்ரா என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். 1958-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த நூல் இது. உடம்போடு ஒட்டி நிற்கும் அந்தக் கச்சிதம் முழுக்க இந்த நூலின் உபயம்.

இந்த நூலுக்கு ஜென்ம விரோதி குளோரின்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோமே, அதே சரக்குதான். குளத்துத் தண்ணீரில் பத்து லட்சம் பங்குக்கு 1 முதல் 3 பங்கு வரை குளோரின் இருக்கும்படி பார்த்துக் கொள்வார்கள். கிருமியைக் கொல்ல அது வேண்டும். ஆனால் அதே குளோரின் ஸ்பான்டெக்ஸ் நூலையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அறுத்து விடுகிறது. துணியின் சாயத்தையும் விட்டு வைப்பதில்லை.

பைக்குள் நடக்கும் கொலை!

தண்ணீரில் இருக்கும் ஒரு மணி நேரத்தோடு துணி கெடுவது முடிந்து விடுவதில்லை. அதற்குப் பிறகும் தொடர்கிறது.

வகுப்பு முடிந்ததும் பையன் என்ன செய்கிறான்? ஈர உடையை அப்படியே சுருட்டி பிளாஸ்டிக் பையில் திணிக்கிறான். பை ஸ்கூட்டர் பெட்டிக்குள் போகிறது. அப்பா அவனை டியூஷனில் விட்டு விட்டு ஆபீஸ் போகிறார். வண்டி வெயிலில் நிற்கிறது. பை வெளியே வருவது சாயங்காலம்!

அவ்வளவு நேரமும் துணியில் ஊறிய குளோரின் வேலை செய்து கொண்டே இருக்கிறது. சூடு ஏற ஏற வேகமும் ஏறும். போதாக்குறைக்குப் பூஞ்சை. வீச்சம் வேறு.

பரிகாரம் ரொம்ப மலிவு. குளத்தை விட்டு வந்ததுமே உடையை ஒரு வாளி நல்ல தண்ணீரில் நன்றாக அலசி எடுக்க வேண்டும். வாளி இல்லையா? குளத்து ஷவரிலேயே உடையோடு இரண்டு நிமிஷம் நின்றால் போதும். "வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது.

பிழியக் கூடாது. வேட்டியை முறுக்குவது போல முறுக்கினால் இழுவை நூல் அறுந்து போகும். துண்டின் மேல் உடையை விரித்து, பாய் போலச் சுருட்டி அழுத்தினால் ஈரத்தைத் துண்டு குடித்து விடும். வீடு போகும் வரை அந்தத் துண்டுச் சுருளிலேயே இருக்கட்டும். போனதும் நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். மொட்டை மாடி வெயில் வேண்டாம்.

குளத்தில் இறங்குவதற்கு முன்பும் ஒரு குளியல் உண்டு. துணி ஏற்கெனவே நல்ல தண்ணீரைக் குடித்திருந்தால் குளத்துத் தண்ணீரை அதிகம் குடிக்காது. இன்னொரு சங்கதி: குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் குளோரின் ஜாஸ்தி என்று நினைக்கிறோம். நிஜத்தில் அது, வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து கிளம்பும் வாடை. குளிக்காமல் குதிப்பவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும்.

தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழிய அனுப்பும் பாட்டிமார்களும் கவனிக்க வேண்டும். எண்ணெய் பட்டாலும் இழுவை நூலுக்குக் கெடுதல்தான்.

மீன் கடைச் சொட்டு

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் 'ஆன்டி-குளோரின்' சொட்டு கிடைக்கும். தொட்டித் தண்ணீரில் உள்ள குளோரின் மீனைக் கொல்லாமல் இருக்க ஊற்றுவது. அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்று சொன்ன அதே உப்பு. வெளிநாடுகளில் நீச்சல் உடைக்கென்றே விற்கும் சில கரைசல்களிலும் இதுதான் சரக்கு. ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டு விட்டு உடையை முக்கி, பிறகு வெறும் தண்ணீரில் அலசினால் ஒட்டியிருக்கும் குளோரினும் செத்து விடும். தினசரி பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இது உதவும். வாரம் இரண்டு நாள் போகிறவர்களுக்கு வெறும் அலசலே போதும்.

சோப்பு? இரண்டு சொட்டு ஷாம்பு, கை அலசல். அவ்வளவுதான். மெஷின், வெந்நீர், பிளீச்சிங் கலந்த தூள், துணி வாசனைக்கு ஊற்றும் திரவம், இஸ்திரிப் பெட்டி எதுவும் கிட்டே வரக் கூடாது. சிமென்ட் விளிம்பில் உட்கார்ந்து தேய்க்கும் பிள்ளைகளையும் கொஞ்சம் அதட்டத்தான் வேண்டும்.

வளரும் பிள்ளைக்குப் பெரிய அளவா?

"வளர்ற பொண்ணு, ரெண்டு சைஸ் பெருசா குடுங்க" என்று தீபாவளித் துணி போல வாங்குவது இங்கே செல்லாது. நீச்சல் உடை நனைந்தால் தளரும். பெரிய உடைக்குள் தண்ணீர் புகுந்து பலூன் போல உப்பும். உலர்ந்த உடம்பில் சற்று இறுக்கமாக இருப்பதே சரியான அளவு.

தினசரி பயிற்சி என்றால் பாலியஸ்டர், பி.பி.டி. என்று சீட்டில் போட்டிருக்கும் உடையைக் கேட்டு வாங்கலாம். கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஆனால் குளோரினை நன்றாகத் தாங்கும்.

இதெல்லாம் காசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. நன்றாக நீந்திக் கொண்டிருந்த பெண் குழந்தை திடீரென்று "நாளைக்கு நான் வரலம்மா" என்று அடம் பிடிக்கும். தலைவலி என்று சொல்லும், வயிற்று வலி என்று சொல்லும். உடை தளர்ந்து விட்டது, பின்பக்கம் துணி மெலிந்து தெரிகிறது, கூட வரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லாது. வீட்டில் "பயந்தாங்கொள்ளி" என்று பட்டம் கட்டி விடுவார்கள். நீச்சல் அத்தோடு நிற்கும்.

அதனால் மாதம் ஒருமுறை உடையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். உட்காரும் இடத்தில் முக்கியமாக. வெள்ளை வெள்ளையாக முடி போல நூல் நீட்டிக் கொண்டிருந்தால் உள்ளே இழுவை நூல் அறுந்து விட்டது என்று அர்த்தம். இழுத்து விட்டதும் துணி பழைய அளவுக்குத் திரும்பாமல் தொங்கினாலும் கதை முடிந்தது. அந்த உடையோடு பெண்ணை அடுத்த வகுப்புக்கு அனுப்பக் கூடாது.