நாயை அயலாரிடம் ஒப்படைக்குமுன்

வீட்டார் எல்லாரும் சில நாட்களுக்கு வெளியூர் செல்ல நேரும்போது, வீட்டுத் திறப்பை அயல் வீட்டாரிடம் கொடுத்துச் செல்வது நமது ஊர்களில் நெடுங்கால வழக்கம். பசுவுக்குத் தண்ணீர் வைக்குமாறும், மாலையிற் கோழிகளைக் கூட்டில் அடைக்குமாறும் சொல்லிச் செல்வர். சரவணையிலிருந்து புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்து, நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்குச் செல்லும் குடும்பம் இவ்வாறு செய்யும். நோயாளி ஒருவருடன் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லும் குடும்பமும் இவ்வாறே செய்யும். ஆனால், நாயைப் பற்றிய பேச்சு மட்டும் “நல்ல நாய், ஒன்றுஞ் செய்யாது” என்ற அளவில் முடிந்துவிடுகின்றது. இச்சொல் போதுமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

ஒரு நாயை நல்லதென்று நாம் சொல்லும்போது, அது நமது வளவில், நமது குரலுக்கு அடங்கி, நாம் வைக்கும் சோற்றை உண்டு வாழும் முறையையே கருதுகின்றோம். இடமும் மனிதரும் மாறியபின் அந்நாய் யாது செய்யும் என்பது வேறு வினா. தமிழகத்திற் செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லிலே, மாண்ட வீரனோடு கோவிவன் என்னும் பெயருடைய நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்து நின்றமையால் அந்நாய் கல்லில் இடம்பெறும் பெருமையைப் பெற்றது. அதே காவற்குணமுடைய நாயொன்று, பழகாத வீட்டிலே, இரவில் முற்றத்துக்கு வரும் சிறுவனைக் கள்வனென்று கருதினால் யாது நிகழும்? குணம் ஒன்றே, இடம் மாறியதால் விளைவு மாறிவிடுகின்றது.

நாயின் இயல்பு அதன் இளமையிலேயே பெரிதும் உருவாகின்றது. அமெரிக்க அறிஞர்களான ஸ்கொட், புல்லர் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965 ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டனர். குட்டி பிறந்த மூன்றாம் வாரந் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே, மனிதரோடும் பிற நாய்களோடும் அது பழகக் கற்கும் முக்கிய பருவம் என்பது அவர்கள் கண்ட முடிபு. அப்பருவத்திலே குழந்தைகளைக் காணாது வளர்ந்த நாய், பிற்காலத்திற் குழந்தைகளைக் கண்டு அஞ்சக்கூடும். அச்சமே பெரும்பாலும் கடிக்குக் காரணமாகின்றது.

அச்சம் மறைந்து கிடக்கவும் கூடும். 1924 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் ஆய்வுசாலை இருந்த லெனின்கிராட் நகரிலே பெருவெள்ளம் ஏற்பட்டது. கூடுகளுக்குள் நீர் புகுந்தமையால் அவருடைய நாய்கள் மூழ்கும் நிலையை எய்திப் பின்னர் மீட்கப்பட்டன. சில காலத்தின்பின் அவை தேறிவிட்டன போலவே காணப்பட்டன. ஆயினும், ஆய்வறையின் கதவடியாற் சிறிதளவு நீரைக் கசியவிட்டபோது, நாயொன்று மீண்டும் பழைய கலக்கத்தை அடைந்தது. நமது ஊர் நாய்களிடத்தும் இதனைக் காணலாம். ஆண்டு முழுவதும் சாதுவாய்க் கிடக்கும் நாய், கோயிற் றிருவிழாவிலே சீனவெடி கேட்டவுடன் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடுகின்றது. ஒப்படைக்கும் நாட்களில் அயலிலே திருவிழா உண்டா என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, நாயை அறியும் முறையைக் காண்போம். ஒரே நாளில் ஒரு சோதனை வைத்து முடிவு கூறுதல் தகாது. அமெரிக்காவின் நாய்க் காப்பகங்களில், பொய்க் கையொன்றை உணவுத் தட்டில் நீட்டி நாயின் சினத்தை அளக்கும் வழக்கம் இருந்தது. பட்ரோனெக், பிராட்லி என்னும் இருவர் 2016 ஆம் ஆண்டில் இத்தகைய சோதனைகளை ஆராய்ந்து, அவற்றின் முடிவு நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதினும் சிறந்ததன்று என்று எழுதினர். ஆதலால், நாயைச் சினமூட்டிப் பாராமல், பல நாட்களிற் பல நிலைகளிற் கவனித்தலே தக்க வழியாகும்.

முதற் சந்திப்பு இரு வீட்டாரின் வளவுக்கும் வெளியே, அமைதியான ஒழுங்கையிலே நிகழ்தல் வேண்டும். சொந்தக்காரர் நாயைக் கயிற்றிற் பிடித்திருக்க, அயலார் சற்றுப் பக்கவாட்டாக நின்று, நாய் தானே மணந்து வரும்வரை காத்திருக்கவேண்டும். குனிந்து தலையைத் தடவுதலும், கண்ணுக்குட் கண் வைத்துப் பார்த்தலும் ஆகா. வாலாட்டுதலை மகிழ்ச்சியின் அடையாளமென்று மட்டும் கொள்ளுதல் தவறு. உடல் விறைத்து, வால் உயர்ந்து விரைவாக ஆடுமாயின் அது எச்சரிக்கையாகவும் இருக்கலாம். உணவில்லாதபோது உதட்டை நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், கண்ணின் வெண்மை தோன்ற ஓரமாக நோக்குதல், அசைவின்றி உறைந்து நிற்றல் ஆகியன மனக்கலக்கத்தின் குறிகள். “குரைக்கிற நாய் கடிக்காது” என்னும் பழமொழியை நம்பிக் கை நீட்டியோர் பலர் கடிபட்டுள்ளனர். உறுமும் நாயை அடித்து அடக்குதலும் பிழையே. உறுமல் நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு; அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை அறிவிப்பின்றியே கடிக்கும்.

இரண்டாஞ் சந்திப்பு அயலார் வீட்டிலே நிகழலாம். அவ்வீட்டில் ஆடும் கோழியும் உண்டாயின் நாயைக் கயிற்றில் வைத்தே காட்டவேண்டும். வேறொரு நாய் இருப்பின், இரண்டையும் வெளியே சிறிது தூரம் ஒன்றாக நடத்திச் சென்றபின் உள்ளே கொண்டுவருதல் நலம். உணவு மட்டும் வேறு வேறு இடத்தில் வைக்கப்படுதல் வேண்டும். உண்ணும் நாயின் அருகே சிறுவரை விடலாகாது. பிறந்தது முதல் வளவிற் கட்டின்றித் திரிந்த நாயைப் புதிய இடத்திலே திடீரெனச் சங்கிலியிற் பிணைத்தால், அதன் கலக்கம் பன்மடங்காகும். கட்டவேண்டியிருக்குமென்று தெரிந்தால், சொந்த வீட்டிலேயே முன்கூட்டிப் பழக்குதல் வேண்டும்.

மூன்றாவதாக, ஓர் இரவு அங்கே விட்டுப் பார்க்கவேண்டும். உண்ணாமை, இடைவிடாத ஊளை, வேலியடியைத் தோண்டுதல், படலையை விட்டு அகலாமை என்பன தோன்றினால், நாய் தப்பி வீடு தேடி ஓடக்கூடும் என்று அறியலாம். பேருந்தும் லொறியும் ஓடும் பெருவீதியைக் கடந்து ஓடும் நாய் திரும்பிவரும் என்பதற்கு உறுதியில்லை. அத்தகைய நாயை அதன் சொந்த வளவிலேயே விட்டு, பழகிய ஒருவர் காலையும் மாலையும் வந்து உணவும் நீரும் வைத்துக் கவனிப்பதே மேல்.

புலம்பெயர்ந்து இங்கிலாந்திலே வாழும் நம்மவர், நாய்களைப் பகற்பொழுதிற் பராமரிக்கும் நிலையங்களையும், தங்கவைக்கும் விடுதிகளையும் அறிவர். அங்கே விலங்குகளைத் தங்கவைக்கும் நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென 1963 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 2018 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பகற்பராமரிப்பு நிலையங்களையும் உள்ளடக்கின. பல நாய்கள் ஒருங்கே திரியும் அத்தகைய இடங்களிலே, புதிய நாயை முதலிற் சிறிது நேரம் வைத்துப் பார்த்துப் பின்னரே ஏற்றுக்கொள்வர். நாம் அயலாருக்காகச் செய்யும் முன்னேற்பாடும் அதுவே.

இவையனைத்திலும் முதன்மையானது சொந்தக்காரரின் உண்மைப் பேச்சு. நாய் முன்னர் எவரையேனும் கடித்ததா, எதற்கு அஞ்சும், எவ்விடத்தைத் தொட்டால் வெகுளும், எப்போது உண்ணும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி அட்டையையும் அத்துடன் ஒப்படைக்கவேண்டும். முதல் ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உண்டாவதற்கு ஏறக்குறைய மூன்று வாரஞ் செல்லும். ஆகையால் புறப்படும் நாளுக்கு முந்திய நாளில் ஊசிக்கு ஓடுவதாற் பயனில்லை.

இவ்வளவு கவனமும் தவறிக் கடி நேர்ந்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நீர்வெறுப்பு நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிது. ஆதலின் சிறு கீறலாயினும் அசட்டை செய்தல் கூடாது. கடித்த நாயைக் கொல்லாது, கட்டிவைத்துக் கவனித்தல் வேண்டும். அது நலமாய் இருக்கின்றதா என்பது வைத்தியருக்குத் தேவையான செய்தி. தடுப்பூசி அட்டை இல்லாமல், சொந்தக்காரரும் தொலைவில் இருக்கையிலே, அஞ்சியவர்கள் தடியெடுத்துவிட்டால் அச்செய்தி நாயுடன் அழிந்துபோம்.

நாயின் குறையை எடுத்துச் சொன்னால் அயலார் ஏற்க மறுப்பரோ என்று சிலர் தயங்குவர். மறுத்தாலும் நன்றே, வேறு ஏற்பாடு செய்யக் காலம் இருக்கும். அறிந்து ஏற்றுக்கொண்டவரோ, தம் பிள்ளைகளையும் காத்து, அந்நாயையும் காத்துத் தருவர். எனவே பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, நாயைக் கயிற்றிற் பிடித்துக்கொண்டு அயலாரின் படலைவரை ஒருமுறை நடந்து சென்று வருமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.