பசியைத் திறக்கும் கசப்பு

நம்ம கோலாலம்பூரில் பிறந்த ஒரு பானம் நியூயார்க் வரை போய்ப் பெயர் வாங்கியிருக்கிறது. பெயர் 'ஜங்கிள் பேர்ட்'. 1973-இல் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் திறக்கப்பட்ட ஹில்டன் ஹோட்டலின் ஏவியரி மதுக்கூடத்தில், விருந்தினரை வரவேற்க ஜெஃப்ரி ஓங் கலந்து கொடுத்தது. 1989-இல் அமெரிக்க நூல் ஒன்றில் அதன் செய்முறை அச்சேறியது. அந்தப் பழைய கட்டடம் இன்று இல்லை. ஹில்டன் இப்போது பிரிக்பீல்ட்ஸை ஒட்டி, கேஎல் சென்ட்ரலில் நிற்கிறது.

ரம், அன்னாசிச் சாறு, எலுமிச்சை, சீனிப்பாகு. இதுவரை வெப்பமண்டலச் சமாச்சாரம். ஐந்தாவதாகச் சேர்வதுதான் வேடிக்கை: இத்தாலியின் காம்பாரி. 1860-இல் நொவாரா நகரில் காஸ்பரே காம்பாரி மூலிகைகளையும் பழங்களையும் ஊறவைத்து உருவாக்கிய சிவப்புக் கசப்பு.

இத்தாலியர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இதைச் சோடாவிலோ, ஜின்னும் சிவப்பு வெர்மூத்தும் சம அளவு சேர்ந்த 'நெக்ரோனி'யிலோ குடிப்பார்கள். இந்தப் பழக்கத்துக்கு 'அப்பெரித்திவோ' என்று பெயர். 'திறப்பது' என்ற பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. திறக்கவேண்டியது பசியை. ஒரு கோப்பை, கூடவே ஆலிவ், கடலை, கொஞ்சம் அரட்டை. பிறகு எழுந்து சாப்பிடப் போய்விட வேண்டும்.

கசப்பு பட்டால் நாக்கில் எச்சில் ஊறும் என்பது நமக்கும் புதிதல்ல. வேப்பம்பூ ரசமும் சுண்டைக்காய் வற்றலும் வைக்கிற வீட்டில் இத்தாலிக்காரர் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் நம் வீடுகளில் மாலை நேரக் கோப்பை அவ்வளவு இலேசான விஷயமாக இருந்ததில்லை. ரப்பர் தோட்டங்களில் அரசாங்க அனுமதியோடு கள்ளுக்கடைகள் நடந்தன. வேலை முடிந்து வந்த களைப்பில், வெறும் வயிற்றில் குடித்த கள் பசியைத் திறக்கவில்லை. பல வீடுகளில் அரிசிக் காசையே தின்றது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற அவமானத்தை ஒழிக்கும் கோரிக்கையோடும், கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். குடிக்கிறவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்டவர்களே கேட்டது இது! அவர்களுக்கு வழிகாட்டிய ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பிறகு வந்த மலிவுச் சம்சுவின் கதையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்று பங்சாரில் நம் பிள்ளைகள் ஆரஞ்சு நிற 'ஸ்பிரிட்ஸ்' கோப்பையோடு படம் எடுத்துப் போடும்போது, பாட்டி முகம் சுளிப்பதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. பாட்டியைப் பழமைவாதி என்று நான் சொல்லமாட்டேன்.

இத்தாலியிலேயே மது கலக்காத கசப்புப் பானங்கள் உண்டு. 1965 முதல் விற்பனையாகும் 'குரோடினோ' அப்படிப்பட்டது. அது கிடைக்காவிட்டால் டோனிக் தண்ணீர் போதும். அதன் கசப்பு கொயினாவிலிருந்து வருவது. மலேரியாக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார்களே, அதே கொயினாதான்.

இந்த ஞாயிறு விருந்துக்கு ஆள் வந்தால் செய்து பாருங்கள். உயரமான கிளாஸில் ஐஸ், கால் பங்கு அன்னாசிச் சாறு, அரை எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. மேலே டோனிக் தண்ணீரை ஊற்றி, ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டைப் பிழிந்து போடுங்கள். ஆலிவுக்குப் பதில் தட்டில் முறுக்கும் கச்சாங் பூத்தேயும். அன்னாசி நன்றாகப் பழுத்திருந்தால் சீனி வேண்டாம். டின் சாறு என்றால் எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.